ஓ.ஆர்.எஸ். போதுமா, கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா?

வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ வாடிப்போன ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் ஒரு விவாதம் தவறாமல் எழும். ஒருவர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிவரச் சொல்வார். இன்னொருவர் தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்பார். மூன்றாமவர் எதற்கு வம்பு, பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிடலாம் என்பார். அண்மைக் காலமாக நான்காவது ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது: நர்ஸை வீட்டுக்கே வரவழைத்து ஏற்றிக்கொள்ளலாமே! இந்த நான்கில் எதைத் தேர்வது என்று கேட்கும் வாசகர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

இந்த விவாதம் பெரும்பாலும் எதற்குப் பவர் அதிகம் என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. ஊசி வழியாகப் போவது வாய் வழியாகப் போவதைவிட வலிமையானது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. என் கணிப்பில் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டே கேள்விகள். நோயாளியின் குடல் நீரை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறதா? அடுத்த சில மணி நேரத்துக்கு அவரை யார், எப்படிக் கண்காணிக்கப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாட்டில் வேண்டுமா வேண்டாமா என்பது தானாகவே தெளிந்துவிடும்.

## பாட்டிலுக்குள் இருப்பது என்ன

கிளினிக்குகளில் பரவலாக ஏற்றப்படுபவை நான்கு திரவங்கள்: குளுக்கோஸ் நீரான 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், 0.9 சதவீத உப்பு நீரான நார்மல் சலைன், இரண்டும் கலந்த டி.என்.எஸ்., பல உப்புகள் சேர்ந்த ரிங்கர் லாக்டேட் எனும் ஆர்.எல். நோயாளியின் குடும்பத்தார் இவை அனைத்தையும் குளுக்கோஸ் என்ற ஒரே பெயரால் அழைத்தாலும், இவற்றின் வேலை ஒன்றல்ல.

குளுக்கோஸ் பாட்டிலில் சத்து இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 500 மி.லி. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அதிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் 100 கலோரிக்கு மேல் போகாது. ஏறக்குறைய இரண்டு இட்லி தருவது. சலைனிலும் ஆர்.எல்.லிலும் அந்த அளவுகூட இல்லை. வைட்டமின் மருந்து கலந்து மஞ்சள் நிறத்தில் தொங்கும் பாட்டில் பார்வைக்கு மதிப்பாக இருக்கும். ஆனால் சாப்பிட முடிகிற ஒருவருக்கு அதே பி வைட்டமின்களை மாத்திரையாகவே கொடுக்கலாம். ஏற்றியதில் தேவைக்கு மேற்பட்டது சிறுநீரோடு மஞ்சளாக வெளியேறும்.

அப்படியானால் டிரிப்ஸ் ஏற்றியதும் பலருக்குத் தெம்பு வருவது எப்படி? உண்மையிலேயே நீரிழப்பு இருந்தவருக்கு நீரும் உப்பும் போய்ச் சேர்ந்ததால் தெம்பு வருகிறது. மற்றவர்களுக்கு, இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்த ஓய்வும், பாட்டிலோடு சேர்த்துப் போடப்பட்ட வாந்தி, காய்ச்சல், வலி ஊசிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, வாய்வழி. நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, விழுங்க முடிகிறதா, விழுங்கியது தங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஓரிரு முறை வாந்தி எடுத்தார் என்பதற்காக வாய்வழி அடைபட்டுவிட்டதாக முடிவு கட்டக் கூடாது.

இரண்டாவது, நீரிழப்பின் அளவு. உலகச் சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக்கு வகுத்துள்ள முறையில் இது மூன்று படிகளாகப் பிரிக்கப்படுகிறது. அடையாளம் ஏதும் இல்லாத நிலை முதற்படி. அமைதியின்மை, குழிவிழுந்த கண்கள், தண்ணீரை ஆவலோடு வாங்கிக் குடித்தல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புதல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு அடையாளங்கள் இருந்தால் இரண்டாம் படி. சோர்ந்து மயக்க நிலைக்குப் போதல், குடிக்கவே முடியாமை, கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேலாகியும் மடிப்பாகவே நிற்றல் போன்றவை மூன்றாம் படி. முதியவர்களுக்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் அவர்களிடம் தோல் சோதனை ஏமாற்றும். சிறுநீர் எத்தனை மணி நேரமாக வரவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, வழக்கமில்லாத குழப்பப் பேச்சு இருக்கிறதா என்பவற்றை அவர்களிடம் பார்ப்பது மேல்.

மூன்றாவது, நோயாளியின் பழைய நோய்கள். இதயம் பலவீனமானவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் கூடுதலாக ஏறும் அரை லிட்டரே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறலைக் கொண்டுவரக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் இரத்தச் சர்க்கரை எகிறும். நெடுநாள் மது அருந்தி உடல் நலிந்தவருக்குத் தயமின் எனும் பி1 வைட்டமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடிய ஒரு நிலையைத் தூண்டிவிடலாம் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். நோயாளியின் பழக்கத்தை அவர்களிடம் மறைக்காமல் சொல்வது வீட்டாரின் வேலை.

நான்காவது, கவனிப்பு. நோயாளியின் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்ப்பார்கள்? பணச் செலவை இதற்குப் பிறகே வைக்கிறேன்.

## முதல் வழி: வீட்டில் ஓ.ஆர்.எஸ்.

வாயால் குடிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது உருவான வரலாறு இந்த எண்ணத்துக்கு நேர் எதிரானது. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் போகிறது. இந்த இணைப்பை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். காலராவிலும்கூட இந்த வாசல் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸின் கையிருப்பில் இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இந்திய அரசு அவர் மறைந்த பிறகு 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

பிற்கால ஆய்வுகளும் இதே திசையில்தான் சொல்கின்றன. வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின் கணக்குப்படி, ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 25 குழந்தைகளில் ஒரு குழந்தைக்குத்தான் அது பலிக்காமல் டிரிப்ஸ் தேவைப்படுகிறது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்ற அளவில் இருக்க வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்கு இது ஜீவனி என்ற பெயரில் அறிமுகம். இந்தியக் கடைகளில் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கும் சிறிய பொட்டலம் 200 மி.லி.க்கும் உரியது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது சாதாரணமாக நடக்கும் தவறு; உப்பு மிகுந்த அந்தக் கரைசல் குழந்தைக்குக் கேடு செய்யும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். என்று பெயர் தாங்கி இனிப்புப் பானங்கள் நெடுங்காலம் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. ஆகவே டப்பாவின் முகப்பைவிடப் பின்பக்கத்து அளவுப் பட்டியலைப் பார்த்து வாங்குவது நல்லது. பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் உதவும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கடும் வயிற்றுப்போக்கில் அதை மட்டும் நம்பக் கூடாது.

இந்த வழியின் மறைந்த செலவு மனித உழைப்பு. இரண்டாம் படி நீரிழப்புக்கு உடல் எடையில் கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 900 மி.லி.; அதாவது நான்கு மணி நேரத்துக்கு 80 விநாடிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் விடாமல் ஊட்டுவது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னிலும் மெதுவாகத் தொடங்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய் தந்தையர் ஒரு பாட்டிலை நாடுவதற்கு அறியாமை மட்டுமே காரணமில்லை, இந்த உழைப்புக்கு ஆள் இல்லாததும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாந்தி இடைவிடாமல் இருந்தால் மருத்துவர் எழுதித்தரும் வாந்தி மாத்திரை ஒன்று ஓ.ஆர்.எஸ். தங்க வழி செய்துவிடும். டிரிப்ஸின் தேவையையே அது பல நேரங்களில் தவிர்த்துவிடும்.

முதல் இரண்டு படிகளில், நோயாளி விழிப்பாக இருந்து, பக்கத்தில் இருந்து ஊட்ட ஓர் ஆளும் இருக்குமானால் இதுவே சிறந்த தேர்வு. இரண்டாம் படியில் இருப்பவருக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, இந்த நான்கு மணி நேரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரின் பார்வையில் கழிப்பது இன்னும் மேல். குழந்தைக்கு அத்துடன் துத்தநாக மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை கொடுக்க வேண்டும். இரத்தம் கலந்த கழிச்சல், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீரின்மை, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்த வழியைக் கைவிட்டுப் புறப்பட்டுவிட வேண்டும்.

## இரண்டாம் வழி: கிளினிக்கில் ஒரு பாட்டில்

நம் ஊர்களில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படும் வழி இது. மிகக் குறைந்த நேரங்களில் மட்டுமே நியாயப்படுத்தக்கூடிய வழியும் இதுவே என்பது என் முடிவு.

50 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நீரிழப்பு மூன்றாம் படியில் இருந்தால், உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி கிலோவுக்கு 100 மி.லி., அதாவது 5 லிட்டர், மூன்று மணி நேரத்தில் ஏற வேண்டும். அதிலும் முதல் ஒன்றரை லிட்டர் அரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். கிளினிக்கின் 500 மி.லி. பாட்டில் அவருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டாம் படியில் இருந்தால் அவருக்குத் தேவை மூன்றரை லிட்டருக்கும் மேல். அந்த அளவை வாயாலேயே கொடுத்துவிடலாம். நீரிழப்பே இல்லையென்றால் பாட்டில் தேவையில்லை. ஆக, ஒற்றைப் பாட்டில் கடுமையானவருக்குப் போதாது, லேசானவருக்கு வேண்டாதது. இடையில் எஞ்சும் சிலருக்கு மட்டும் அது பொருந்தும்: வாந்தி ஊசி போட்டு, ஓரிரு பாட்டில் ஏற்றி, வாய்வழியைத் திறந்துவிட்டு, ஓ.ஆர்.எஸ்.ஸுடன் வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்கள். கருவுற்ற முதல் மாதங்களில் நாள் முழுதும் வாந்தியெடுத்து வற்றிப்போகும் பெண்கள் சிலரும், ஒற்றைத் தலைவலியில் எதையும் விழுங்க முடியாதவர்களும், கேட்டரிங் விருந்துக்குப் பிறகு ஒரே இரவில் பத்துப் பதினைந்து முறை போன நடுவயதினரும் இதில் அடங்குவர்.

வேகமும் ஒரு சிக்கல். பெரியவர்களுக்கான டிரிப் செட்டில் பெரும்பாலும் 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மி.லி. 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் இறங்க நிமிடத்துக்கு 42 துளி போதும். கிளினிக் மூடும் நேரம் நெருங்கும்போது அதே பாட்டிலை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 167 துளி. கண்ணால் எண்ண முடியாத ஓட்டம். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் இளைஞர் இதைத் தாங்கிக்கொள்வார். எழுபது வயதுக்காரர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு 60 துளிக்கு ஒரு மி.லி. தரும் மைக்ரோ செட்டும், வெறும் டெக்ஸ்ட்ரோஸாக இல்லாமல் உப்பும் உள்ள திரவமும் வேண்டும். குளுக்கோஸ் உடலில் எரிந்துபோன பிறகு மிஞ்சும் வெறும் நீர், இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும்.

மறைந்த செலவுகள் இன்னும் உண்டு. காற்று போவதற்காக பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியைக் குத்திவைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. கிருமி நுழைய அதுவே வாசல். ஊசி போட்ட இடம் வீங்கிச் சிவந்து, சிரை கயிறுபோல் தடித்து, ஒரு வாரம் கை வலிக்கலாம். பாட்டிலில் கலந்தவை என்னென்ன ஊசிகள் என்பது சீட்டில் எழுதப்படாமல் போனால், அடுத்த நாள் வேறு மருத்துவரிடம் போகும்போது அவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். மருத்துவக் காப்பீடும் இங்கே கைகொடுக்காது. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரத்துக்குக் குறையாத உள்நோயாளிச் சிகிச்சையையே ஏற்கின்றன, சில மணி நேர டிரிப்ஸ் அவற்றின் பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் பொதுவாக இடம்பெறுவதில்லை.

பணத்தையும் உடலையும்விடப் பெரிய செலவு நேரம். பாட்டில் ஏறியாயிற்று என்ற நிம்மதியில் குடும்பம் அன்றிரவு நோயாளியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் மருத்துவர் தாமஸ் லட்டா காலரா நோயாளிகளின் சிரையில் முதன்முதலாக உப்புநீர் ஏற்றியபோதே இந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. அவருடைய முதல் நோயாளியான மூதாட்டி, நாடியே தெரியாத நிலையிலிருந்து உயிர்ப்போடு எழுந்தார். லட்டா அவரை மருத்துவமனை அறுவையரின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சென்றார். வாந்தியும் கழிச்சலும் மீண்டும் தொடங்கின. மறுபடி நீர் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் அந்த மூதாட்டி இறந்துபோனார்.

## மூன்றாம் வழி: மருத்துவமனையில் சேர்த்தல்

இங்கே உண்மையில் விலை கொடுத்து வாங்குவது கவனிப்பை. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்ற கணக்கு, மணிக்கொரு முறை நாடியும் இரத்த அழுத்தமும், சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் பரிசோதனை, அவற்றுக்கேற்ப மாற்றப்படும் திரவமும் வேகமும் ஆகியவைதான் இந்த வழியின் சாரம். அவை நடக்காத மருத்துவமனை, கட்டில் வாடகை வாங்கும் கிளினிக் மட்டுமே.

டெங்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இந்த நெருக்கடி ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் நீர் குறைந்தால், இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் எட்டாத அதிர்ச்சி நிலை. நீர் கூடினால் கசிந்ததெல்லாம் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சுத்திணறல். இரண்டுக்கும் இடையே வழிகாட்டுவது பரிசோதனைச் சீட்டில் பி.சி.வி. என்று அச்சாகும் ஹீமாடோகிரிட் அளவு, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் தினமும் விசாரித்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் இந்த எண்ணைக் கேட்பதேயில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் துளி வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத இடத்தில் டெங்கு நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றுவது ஆபத்தான வேலை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை தென்பட்டால் கிளினிக் படியேறாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த அறிகுறிகள் இல்லாமல், நன்றாகக் குடித்துக்கொண்டும் சிறுநீர் கழித்துக்கொண்டும் இருக்கும் டெங்கு நோயாளி, தினசரி மருத்துவரின் பார்வையோடு, வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ்.ஸும் கஞ்சியும் குடித்துத் தேறலாம்.

சர்க்கரை நோயாளிக்கும் இந்த வழி முன்கூட்டியே தேவைப்படும். இரத்தச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கியவருக்குச் சிரையில் ஏறும் குளுக்கோஸ் நிமிடங்களில் உயிரைத் திருப்பித்தரும். குளுக்கோஸ் பாட்டிலின் புகழுக்கு முழுத் தகுதியுள்ள இடம் இது. சர்க்கரை மிக ஏறி, மூச்சு வேகமாகி, வாந்தியோடு வருபவருக்கு வேண்டியது சலைனும் இன்சுலினும். அங்கே டெக்ஸ்ட்ரோஸில் தொடங்குவது தவறு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிச் சோர்ந்திருப்பார்கள். எனவே விரல் நுனி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் பார்க்காமல் சர்க்கரை நோயாளிக்குப் பாட்டில் மாட்டுவதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் மெட்ஃபார்மின் முதலிய மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓ.ஆர்.எஸ்.ஸில் உள்ள சிறிதளவு குளுக்கோஸுக்குப் பயந்து அதைத் தவிர்ப்பது வீண்.

செலவு தனியார் மருத்துவமனையில் படுக்கை வாடகையோடு நிற்பதில்லை. துணைக்கு இருப்பவரின் கூலி இழப்பு, அடுத்தடுத்த பரிசோதனைகள், மருத்துவமனைக் கிருமித் தொற்று எல்லாம் சேரும். கண்காணிப்புக்காக மட்டும் சேர்க்கப்பட்டதாகக் கோப்பில் தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் தொகையை மறுக்க இடமுண்டு. சேர்த்ததற்கான மருத்துவக் காரணம் முதல் நாள் குறிப்பிலேயே தெளிவாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் வட்டார அளவிலான மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் படுக்கை வசதியும் இலவச டிரிப்ஸும் உண்டு. கிளினிக்குக்கும் பெரிய மருத்துவமனைக்கும் இடையே அல்லாடும் பலர் இந்த இடத்தை நினைத்துப்பார்ப்பதேயில்லை. நோயாளி மயங்கிய நிலையில் இருந்தால் 108ஐ அழைப்பதே சரி. ஆம்புலன்ஸிலேயே திரவம் ஏறத் தொடங்கிவிடும்.

## நான்காம் வழி: வீட்டிலேயே டிரிப்ஸ்

நகரங்களில் பெருகிவரும் சேவை. மருத்துவரின் எழுத்துச் சீட்டு, பயிற்சி பெற்ற செவிலியர், பாட்டில் முடியும்வரை அவர் உடனிருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே யோசிக்கலாம். ஊசியைச் செருகிவிட்டு, முடிந்ததும் நீங்களே மூடிவிடுங்கள் என்று சொல்லிப் போகிறவரை உள்ளே விடாதீர்கள். ஒவ்வாமையோ மூச்சுத்திணறலோ வந்தால் அங்கே உதவிக்கு யாரும் இல்லை. களைப்புக்கும் பளபளப்புக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் வைட்டமின் டிரிப்ஸ் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, வாங்காதீர்கள் என்பதைத் தவிர.

ஒரே ஒரு சூழலில் இந்த வழிக்கு நல்ல இடம் உண்டு. படுத்த படுக்கையாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களுக்குச் சிரை கிடைப்பதே அரிது. குத்திக் குத்திக் கைகள் கன்றிப்போயிருக்கும். அவர்களுக்குத் தொடை அல்லது வயிற்றுத் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியைச் செருகி, சலைனை நிமிடத்துக்கு ஒரு மி.லி. அளவில் மெதுவாக இறக்கும் முறை இருக்கிறது. ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை இப்படிக் கொடுக்க முடியும். வலி நிவாரண மற்றும் ஆதரவு மருத்துவத்தில் இது வழக்கமான முறை. அதிர்ச்சி நிலைக்கோ கடும் நீரிழப்புக்கோ ஆகாது. வீட்டுக்கு வரும் மருத்துவரிடம் தோலடி வழியைப் பற்றி நீங்களே கேட்கலாம். வாழ்நாளின் கடைசி நாட்களில் இருப்பவருக்கு எந்த வழியில் ஏற்றினாலும் நீர் கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டலாம். வாயை ஈரத் துணியால் துடைத்து நனைத்துக்கொடுப்பது அங்கே கூடுதல் ஆறுதல் தரும். இதைப் பட்டினி போடுவதாக உறவினர்கள் பேசக்கூடும். அந்தப் பேச்சுக்காக ஊசி குத்த வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீட்டில் ஓ.ஆர்.எஸ். | கிளினிக் டிரிப்ஸ் | மருத்துவமனை | வீட்டில் டிரிப்ஸ் |
|---|---|---|---|---|
| வாய்வழி | திறந்திருக்க வேண்டும் | தற்காலிகமாக அடைபட்டவருக்கு | முற்றிலும் அடைபட்டாலும் | குறைவாகக் குடிக்கும் முதியவருக்கு |
| நீரிழப்பு | இல்லை அல்லது மிதமானது | மிதமானது | கடுமையானது | லேசானது |
| கவனிப்பு | வீட்டார் | பாட்டில் முடியும்வரை | இரவு பகலாக | செவிலியர் இருக்கும்வரை |
| மறைந்த செலவு | ஊட்டும் உழைப்பு | பொய்யான நிம்மதி, காப்பீடு இல்லை | கூலி இழப்பு, பரிசோதனைகள், தொற்று | அவசர உதவி இல்லாமை |
| கூடாதவர் | மயங்கியவர், விழுங்க முடியாதவர் | டெங்கு எச்சரிக்கை அறிகுறி உள்ளவர், இதய, சிறுநீரக நோயாளி | வாயால் குடித்துத் தேறக்கூடியவர் | கடும் நீரிழப்பு, அதிர்ச்சி நிலை |

## டிரிப்ஸ் என்று முடிவானால்

என்ன திரவம், எத்தனை மணி நேரத்தில், எதற்காக என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கலக்கப்படும் ஊசிகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இதயம், சிறுநீரகம், சர்க்கரை, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை பற்றிக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வென்ஃப்ளான் எனும் சிரைக்குள் செருகும் மெல்லிய குழாய், டிரிப் செட், ஊசி ஆகியவை உங்கள் கண்முன்னே புதிய உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பாட்டிலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். திரவம் கலங்கலாகவோ துகள் மிதந்தோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். துளி வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைச் சீக்கிரம் முடியட்டும் என்று உறவினர்கள் தள்ளிவிடக் கூடாது.

ஏறிக்கொண்டிருக்கும்போது குளிர் நடுக்கம், தடிப்பு, நெஞ்சு இறுக்கம், இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உருளையை அடைத்துவிட்டு உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். ஊசி இருக்கும் இடம் வீங்கினால் திரவம் சிரைக்கு வெளியே போகிறது என்று பொருள்; கை மாற்றச் சொல்ல வேண்டும். வீடு திரும்பிய பிறகு ஓ.ஆர்.எஸ்.ஸையும் வழக்கமான உணவையும் அன்றே தொடங்கி, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போகவில்லையென்றால் அடுத்த பாட்டிலுக்காக அதே கிளினிக்குக்குத் திரும்பாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.